விளக்கைப் போட்டால் பெட்ரோல் குறையும் வண்டி

பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டில் விளக்கு எரிந்தது. பின்னால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எரியவில்லை. காலை எடுத்தால் முன்னால் இருந்த வெளிச்சமும் போய்விட்டது. உப்பளத்து முதலாளி ஒருவரின் கார் அது. வண்டியில் ஏதோ ஏறிவிட்டது என்று அதன் டிரைவர் முடிவே கட்டிவிட்டார். எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் வழியில் எலுமிச்சம்பழம் வாங்கி முன்சக்கரத்தில் நசுக்கிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

எங்கள் சொள்ளமுத்து மேஸ்திரி அதைப் பார்த்ததும் முதலில் சிரித்தார். அப்புறம் வேலை பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டார்.

"ஏலே, எல்லாத்தையும் போட்டுட்டு இங்கன வாங்கலே. கூத்து நடக்கு."

நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். டிரைவர் மிதித்தார், எரிந்தது. விட்டார், அணைந்தது. நானும் கெஞ்சிக் கேட்டு ஒருமுறை மிதித்துப் பார்த்தேன். கரண்டு என்றால் ஷாக் அடிக்கும் என்று மட்டுமே தெரிந்துவைத்திருந்தவன் நான். அது இப்படி விளையாட்டும் காட்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு ஒரே குஷி. இனி இந்த வேலைதான் என்று நின்ற இடத்திலேயே தீர்மானம் பண்ணிவிட்டேன்.

நாற்பது வருடம் கழித்து இதெல்லாம் ஞாபகம் வரக் காரணம், மில்லர்புரத்திலிருந்து வந்த சங்கத்துத் தம்பிகள் இருவர். மெக்கானிக் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். இப்போது வருகிற வண்டிகளில் டேஷ்போர்டு பிளாஸ்டிக். மீட்டருக்குப் போக ஒரு வயர், திரும்ப ஒரு வயர். ஆனால் அவர்களிடம் பழைய காலத்துக் கார் ஒன்று வந்திருக்கிறதாம். சொந்தக்காரர் ஆசை ஆசையாக வாங்கி, இண்டு இடுக்கெல்லாம் விடாமல் பெயிண்ட் அடித்திருக்கிறார். அன்றிலிருந்து மீட்டர் முள் ஒன்றும் சொன்னபடி கேட்கவில்லையாம். "இண்டு இடுக்கெல்லாம் பெயிண்ட்" என்று கேட்டதுமே நான் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். பெரியவருக்கு என்ன ஆச்சு என்று தம்பிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் சாத்தான்குளம். பெயர் இசக்கிமுத்து. என்னைக் கருப்பட்டிக் கடையில் உட்கார வைக்க அப்பாவுக்கு ஆசை. எனக்கோ மோட்டார் சத்தம் கேட்டால் சாப்பாடு இறங்காது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். பஸ்களின் முதுகில் பெரிய உருளை அடுப்பைக் கட்டி, கரியை எரித்து, அந்த கேஸில் ஓட்டினார்கள். அந்த அடுப்புகளைச் சுரண்டிக் கழுவியே என் முதல் இரண்டு வருடங்கள் போயின. அதைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும், எழுதினால் இந்தப் பேப்பரிலும் கரி ஒட்டும்.

மேஸ்திரியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். ஆள் குட்டை, குரல் பெரிசு. அவர் சந்தோஷமாக இருந்தால் நம்மை "ஏலே மூதி" என்பார். வேலை கொஞ்சம் இடக்குப் பண்ணினால் "இசக்கி" என்று பெயர் வரும். இன்னும் சிக்கலானால் "வாங்க, போங்க" ஆரம்பித்துவிடும். பழுது கண்ணில் சிக்காமல் அரைநாள் போனால் எங்களைத் "தம்பி அவர்களே" என்று கூப்பிடுவார். அவர் வாயில் மரியாதை கூடக் கூட நாங்கள் ஒளிய மூலை தேடுவோம். பழுது கிடைத்த நிமிஷம் "ஏலே மூதி" திரும்பி வரும். அப்போது எங்களுக்குத் தலையில் கிரீடம் வைத்த மாதிரி இருக்கும்.

டேஷ்போர்டு வேலைக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். வண்டி வந்ததும் ஸ்பேனரைத் தொடக் கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். விளக்கு, ஹாரன், பிரேக், ஒவ்வொன்றாகப் போட வேண்டும். போட்டது வேலை செய்கிறதா என்பதை அவர் கேட்கவே மாட்டார். அதைப் போட்டபோது வேறு எது அசைந்தது என்பதுதான் அவருக்கு வேண்டும். வீட்டு விளக்குக்கு இரண்டு வயர். அந்தக் காலத்துக் காருக்கு ஒரு வயர்தான். கரண்டு வயரில் போகும், வண்டியின் இரும்பு உடம்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பி வரும். அந்தத் திரும்பும் வழியைத்தான் எர்த் என்கிறோம். திரும்பும் வழி அடைபட்டால் கரண்டு சும்மா நிற்காது, பக்கத்து விளக்கு வழியாகவோ மீட்டர் வழியாகவோ புகுந்து வரப் பார்க்கும். அப்போதுதான் கூத்து.

"போற வழிய எல்லா மடையனும் பாப்பான். வார வழியப் பாருங்கலே" என்பார்.

அதற்கு அவரிடம் ஒரு நீள வயர் இருந்தது. ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் பக்கம் மாட்டுவார். மறு முனையில் கூரான ஆணி. சந்தேகப்பட்ட விளக்கின் கூட்டில் ஆணியை வைப்பார். அழுது வடிந்துகொண்டிருந்த விளக்கு பளிச்சென்று எரிந்தால் தீர்ந்தது, அந்த இடத்தில் எர்த் இல்லை. அந்த உப்பளத்துக் காரிலும் அப்படித்தான். பின்விளக்கின் எர்த் உப்புக்காற்றில் பூத்துப்போய், பிரேக் கரண்டு பக்கத்து வயரில் புகுந்து முன்னால் டேஷ்போர்டு விளக்குக்கு ஓடியிருந்தது. திருகாணியைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு முடுக்க வேண்டும். தேய்க்கும்போது பேசக்கூடாது என்பது அவர் சட்டம். வாய் ஓடினால் கை பாதியில் நின்றுவிடுமாம்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஒரு வண்டி எங்களுக்குத் தண்ணி காட்டியது. அது காயல்பட்டினத்து முதலாளி ஒருவரின் பெரிய அமெரிக்கக் கார்.

முதலாளிக்குக் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகள் இருந்தன. பகலெல்லாம் துறைமுகத்து ஆபீஸில் இருப்பார். மஃரிப் தொழுதுவிட்டு, இருட்டும் நேரத்தில் காரில் ஊருக்குத் திரும்புவார். அவருடைய டிரைவர் சூசை. நானும் அவரும் ஒரே சாப்பாட்டுக் கடையில் சாப்பிடுகிறவர்கள். என்னைவிட மூத்தவர், மூன்று பிள்ளைக்குத் தகப்பன். அந்தக் காரை அவர் வைத்திருந்த அழகைச் சொல்லி முடியாது. காக்கிச் சட்டையும் தொப்பியும் போட்டு அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் ஓரமாக நின்று பார்க்கத் தோன்றும்.

அந்த சூசை ஒரு காலையில் வெறுந்தலையோடு வண்டியை எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குள் விட்டார். தொப்பி பக்கத்து சீட்டில் கிடந்தது. முகம் செத்துப்போயிருந்தது.

நடந்தது இது. காலையில் ஆபீஸ் ஆளைக் கூட வைத்துக்கொண்டு கூப்பனுக்குப் பெட்ரோல் போடுவார்கள். சாயங்காலம் முதலாளி வண்டியில் ஏறும்போது பார்த்தால் பெட்ரோல் முள் தரையில் கிடக்கும். ஒரு நாள் அல்ல, தினமும். பகலில் முள் நிமிர்ந்துதான் நின்றது என்று சூசை சொன்னால் யார் நம்புவார்கள்? டேங்க்கின் வாய் வளைந்து போகிற மாதிரி வண்டி, குச்சி விட்டு அளக்கவும் முடியாது. பெட்ரோல் தங்கமாக விற்ற நேரம். முதலாளி நியாயமானவர்தான், ஆனால் பொறுமை போய்விட்டது. துறைமுகத்து ஆபீஸுக்கு எதிரே உள்ள டீக்கடையில், மற்ற தோணிக்காரர்கள் முன்னால், "என் வண்டிக்குப் பெட்ரோல் ஊத்துறது நானு, குடிக்கிறது சூசை" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒரு பேச்சு ஊரெல்லாம் சுற்றிவிட்டது. சூசை நடந்து போனால் "அண்ணாச்சி, ஒரு காலன் பெட்ரோல் கிடைக்குமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். பெட்ரோல் கள்ளன் என்று பெயர் எடுத்த டிரைவரை இந்தக் கரையில் எவரும் வேலைக்கு வைக்க மாட்டார்கள். சூசை காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியதால், சொள்ளமுத்து மேஸ்திரி பார்த்து வண்டியில் பழுது என்று சொன்னால் நம்புகிறேன் என்று முதலாளி ஒப்புக்கொண்டிருந்தார். இல்லை என்றால் அன்றோடு வேலை போயிற்று. சாயங்காலம் அவரே நேரில் வருவதாக ஏற்பாடு.

"மாதா சத்தியமா ஒரு சொட்டு எடுக்கல இசக்கி. அவரு வாயால இல்லன்னு சொல்லுதவரைக்கும் தொப்பியத் தலையில வைக்க மாட்டேன்" என்றார் சூசை.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். சாவியைத் திருப்பியதும் முள் அழகாகப் பாதியில் போய் நின்றது. வண்டியைக் குலுக்கினோம், லேசாக ஆடி மறுபடி பாதிக்கு வந்தது. ஹாரன் அடித்தோம், பிரேக் மிதித்தோம், ஒன்றும் அசையவில்லை. டேங்க்கிலிருந்து வரும் வயரைப் பார்த்தோம், டேங்க்கின் எர்த்தைப் பார்த்தோம், சுத்தம். விளக்கு மட்டும் போடவில்லை. வெள்ளை வெயிலில் யார் விளக்குப் போடுவார்கள்? அதோடு குண்டு வீசுவார்கள் என்ற பயத்தில் துறைமுக ஊர் முழுக்க வண்டி விளக்குகளுக்குக் கருப்பு பூசி மூடியிருந்த நேரம். விளக்கு சுவிட்சைத் தொடவே எங்களுக்குக் கை கூசும்.

"இசக்கி, அந்தத் திருப்புளிய எடு" என்றார் மேஸ்திரி. பெயர் வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் "இசக்கி, அந்த வயரைத் தாரீங்களா" என்றார். கடைசியில் டேங்க்கையே வடித்து டின்களில் அளந்து, திரும்ப ஊற்றினோம். முள் காட்டியபடி பாதிதான் இருந்தது. இது சூசைக்கு உதவும் என்று நினைத்துக்கொண்டு நான் குதித்தேன். சூசையே இல்லை என்று தலையை ஆட்டினார்.

"இன்னைக்கு நோட்டம் பாக்காங்கன்னு தெரிஞ்சு கை வைக்கலன்னு முதலாளி சொல்லுவாரு" என்றார். சொன்னது சரிதான். முள் ஒழுங்காக இருக்க இருக்க, சூசைதான் கள்ளன் என்று ஆகிக்கொண்டிருந்தது. ஒரு நல்ல மீட்டரைப் பார்த்து எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது அன்றைக்கு மட்டும்தான்.

மத்தியானம் சூசை சாப்பிட வரவில்லை. மேஸ்திரி என்னைத் "தம்பி அவர்களே" என்று கூப்பிட்டுவிட்டார்.

சாயங்காலம் முதலாளி வந்தபோது மழை மூட்டம் போட்டு ஷெட்டுக்குள் மசமசவென்று இருந்தது. மேஸ்திரி உண்மையைச் சொன்னார், பழுது ஒன்றும் அகப்படவில்லை என்று. முதலாளி பெருமூச்சு விட்டார். அவருக்கும் அதில் சந்தோஷம் இல்லை. நாமே பார்த்துவிடுவோம் என்று கதவைத் திறந்து குனிந்தார். மங்கலில் மீட்டர் தெரியவில்லை.

"விளக்கப் போடு சூசை" என்றார்.

சூசை குமிழை இழுத்தார். மீட்டர் விளக்கு மங்கலாக எரிந்தது. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பாதியில் நின்ற முள் சாவகாசமாக இறங்கித் தரையில் போய்ப் படுத்தது.

"பாத்தியளா மேஸ்திரி?" என்றார் முதலாளி. சூசை குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

மேஸ்திரி கிட்டே வந்தார். கையை நீட்டிக் குமிழை உள்ளே தள்ளினார். விளக்கு அணைந்தது. முள் எழுந்து பாதிக்கு வந்தது. இழுத்தார், இறங்கிற்று. தள்ளினார், ஏறிற்று. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், மட்கார்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, உட்கார்ந்தேவிட்டார். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது, தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று. மேஸ்திரி வாயைத் திறந்து பேச முடியாமல் முதலாளியின் கையைப் பிடித்துக் குமிழில் வைத்தார். முதலாளி இழுத்தார், தள்ளினார், மறுபடி இழுத்தார். ஏழெட்டு முறைக்குப் பிறகு அந்தப் பெரிய மனுஷருக்கும் உதடு துடிக்க ஆரம்பித்தது. அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை.

"ஏலே மூதி, வயர எடுலே" என்று மேஸ்திரி கத்தினார். எனக்குக் காதில் தேன் பாய்ந்தது.

நான்தான் ஆணியை டேஷ்போர்டின் முகப்பு விளிம்பில் வைத்தேன். மங்கலாக இருந்த விளக்கு ஜெகஜோதியாக எரிந்தது. முள் ஜம்மென்று நிமிர்ந்து நின்றது. ஆணியை எடுத்தேன், இரண்டும் படுத்தன. முகப்புக்கு எர்த் இல்லை. எஞ்சினிலிருந்து ஆயில் மீட்டருக்கு வரும் செம்புக் குழாய் ஒன்றுதான் ஏதோ அரைகுறையாகத் தொட்டுக்கொண்டு, அதுவரை கரண்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. மீட்டர் மட்டும் என்றால் அந்த ஒற்றையடிப் பாதை போதும். விளக்கின் கரண்டும் சேர்ந்து வந்தால் நெரிசல். அந்த நெரிசலில் முள்ளுக்கு நிற்கத் தெம்பில்லை.

நாலு திருகாணியைக் கழற்றி முகப்பை இழுத்தேன். பின்பக்கம் முழுக்கச் சிவப்பு. திருகாணிக் குழி, அதன் கீழே உள்ள இரும்பு, எல்லாம் தடிப்பாக, ஒரு இடம் விடாமல், தூரிகைக் கோடுகூடத் தெரியாத அழகான பூச்சு. தோணியின் நங்கூரத்துக்கும் சங்கிலிக்கும் அடிக்கிற அதே செந்தூரப் பெயிண்ட். வாசனையே சொல்லிற்று.

முதலாளியின் தோணியை ஓட்டும் லாசர் தண்டேலை எதிரே கடற்கரையிலிருந்து கூட்டி வந்தார்கள். பாய்மரம் மாதிரி ஆள். சிவப்பைப் பார்த்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"நல்லா ஒட்டிருக்கா? மூணு பூச்சு" என்றார்.

யார் அடிக்கச் சொன்னது என்று முதலாளி கேட்டார்.

"நீங்கதான, முதலாளி. தோணியக் கரையேத்திச் சும்மா இருந்த மாசத்துல, கையோட வண்டியையும் ஒரு பூச்சு பாத்துருங்கன்னு சொன்னிய. எங்க கையில குடுத்தா அரைகுறையா செய்வமா? முகப்பக் கழத்தி ஒரு திருகாணி விடாம அடிச்சிருக்கு. கடக்கரையில பச்ச இரும்பு இருக்கலாமா?"

முதலாளிக்குச் சிரிப்பு நின்றது. தன் வாயால் சொன்ன வேலை, தன் ஆட்கள் செய்த வேலை, பழி மட்டும் சூசை தலையில். அவர் அந்தச் சிவப்பை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். சூசை வேறு பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குள் மேஸ்திரிக்கும் தண்டேலுக்கும் சண்டை மூண்டுவிட்டது. நாலு குழியையும் சுரண்டி வெறும் இரும்பாக்க வேண்டும் என்கிறார் இவர். உப்புக்காற்றில் பச்சை இரும்பை விட்டால் பத்தே நாளில் பொரிந்துபோகும், அந்தப் பாவத்துக்கு நான் ஆளில்லை என்கிறார் அவர். இருவர் சொன்னதும் சரி. கடைசியில் இப்படி முடிவாயிற்று: குழிகளைப் பளபளவென்று தேய்த்து, வாஷர் போட்டு நன்றாக முடுக்கியதும், அதற்கு மேலே தண்டேல் தன் கையால் பூசிக்கொள்ளலாம். இரும்பும் இரும்பும் உள்ளே கட்டிப் பிடித்துக்கொண்ட பிறகு மேலே எதைப் பூசினால் என்ன? நான் தேய்த்தேன், பேசாமல். தண்டேல் சின்னத் தூரிகையை வைத்துத் திருகாணித் தலையில் பொட்டு வைப்பது போல வைத்தார். அந்த வண்டி பிறகு அந்தப் பழுதுக்கு வரவே இல்லை. சங்கத்துத் தம்பிகளிடம் அந்தப் பழைய கார்க்காரருக்குச் சொல்லி அனுப்பியதும் இதுதான்: முதலில் சுரண்டு, பிறகு முடுக்கு, கடைசியில் பூசு.

வேலை முடிந்ததும் முதலாளி ஒரு காரியம் செய்தார். தன் தொப்பியைக் கழற்றி மேஸ்திரி கையில் கொடுத்தார். சீட்டில் கிடந்த சூசையின் காக்கித் தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். பின்கதவைத் திறந்து பிடித்தார்.

"ஏறு சூசை. இன்னைக்கு நான் டிரைவர்."

சூசை மாட்டேன் என்று மன்றாடினார். முதலாளி கேட்கவில்லை. கொழும்பில் ஏதோ ஒரு காலத்தில் ஓட்டிப் பழகியவராம். எந்தக் காலம் என்று வண்டி நகர்ந்ததும் தெரிந்தது. முள்ளை வேடிக்கை பார்க்கும் ஆசையில் நான் படியில் தொற்றிக்கொண்டேன். விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். முள் பாதியில் அசையாமல் நின்றது. மற்ற எல்லாம் அசைந்தது. கருவாட்டுக் கூடைக்காரி ஒருத்தி சாக்கடையைத் தாண்டிக் குதித்தாள். மாட்டுவண்டி ஒன்று தானாகவே வழிவிட்டது. பின்சீட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டிய சூசை, முன்சீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இல்லாத பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டிருந்தார். நான் கத்தியது பயத்திலா சந்தோஷத்திலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

டீக்கடைக்கு முன்னால், பெஞ்சுக்கு ஒரு சாண் தள்ளி வண்டி நின்றது. தோணிக்காரர்கள் கிளாஸோடு எழுந்து நின்றார்கள். காக்கித் தொப்பியோடு முதலாளி இறங்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பெட்ரோலக் குடிச்சது நான் அடிக்கச் சொன்ன பெயிண்டு. சூசை கள்ளன் இல்ல. நான் சொன்னது தப்பு."

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் எழுந்து சூசைக்கு உட்கார இடம் கொடுத்தார். சூசையால் இறங்க முடியவில்லை, கால் நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த முதலாளிக்கு மனது இன்னும் இளகிவிட்டது. பின்கதவை மறுபடி சாத்தி, இன்றைக்கு உன் வீடுவரை நானே கொண்டுவந்து விடுகிறேன் என்றார்.

சூசை ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"முதலாளி, வேணும்னா கள்ளன்னே சொல்லிக்கிடுங்க. ஸ்டியரிங்க மட்டும் எங்கிட்டக் குடுத்துருங்க."

டீக்கடையே சிரிப்பில் அதிர்ந்தது. முதலாளி தலையிலிருந்த தொப்பியை எடுத்து, உள்ளங்கையால் தூசியைத் தட்டி, சூசையின் தலையில் வைத்துவிட்டார்.